சொந்தமாகக் கட்டிய வீடு மக்கர் பண்ணும்போது: அனல், ஒழுகல், ஓதம், விரிசல், கரண்ட் பில்

காரைக்குடிக்குப் பக்கத்தில், காண்ட்ராக்டரிடம் விடாமல், நானே ஆள் வைத்து ஒரு வீடு கட்டினேன். எலிப்பொறிக் கட்டில் (செங்கலைக் குத்துவாட்டில் வைத்து நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் முறை) எழுப்பிய சுவர், காங்கிரீட்டுக்கு நடுவில் இடத்தை அடைக்க இரட்டை ஓடு வைத்து வார்த்த ஃபில்லர் ஸ்லாப் கூரை, நடுவில் பத்துக்கு எட்டடி முற்றம், தரைக்கு ஆத்தங்குடிக் கல், பிறகு சேர்த்த 3 கிலோவாட் சோலார். குடிவந்து ஏழு வருஷம் ஆகிறது. முதல் இரண்டு வருஷம் என் வீட்டுக் கோளாறுகளோடு மல்லுக்கட்டியே போனது. அதன் பிறகு பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் என்று இதே மாதிரி கட்டியவர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். போய்ப் பார்த்தால் எல்லா வீட்டிலும் அதே ஏழெட்டுக் கோளாறுதான்.

இன்னொன்றும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்திருப்பார்கள். ஒரு வீட்டில் மொட்டை மாடி முழுக்க விலை உயர்ந்த வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் இரண்டு கை அடித்தும் ஒழுகியது. மழைத்தண்ணீர்க் குழாயின் வாயில் கையை விட்டுப் பார்த்தால் பேரன் தொலைத்த பந்து. அதனால் கீழே எல்லாவற்றையும் செலவு குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கி எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள்.

கையில் டார்ச், செல்லோ டேப், பென்சில், ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலித்தீன் தாள், ஊதுபத்தி, ரசமட்டம், ஒரு வாளி இருந்தால் போதும். சுவரைத் தொட்டால் சுர்ரென்கிறது என்பவர்கள் மட்டும் நேராகக் கடைசித் தலைப்புக்குப் போய்விடுங்கள்.

## ராத்திரி பத்து மணிக்கும் வீட்டுக்குள் அனல்

சித்திரை, வைகாசியில் வருகிற அழைப்புகளில் பாதி இதுதான். "இவ்வளவு மெனக்கெட்டுக் கட்டியும் பக்கத்து வீட்டை விட என் வீடு சுடுகிறதே" என்பார்கள்.

ஃபேனை அணைத்துவிட்டு, ஸ்டூலில் ஏறி, உள்ளங்கையை உட்கூரையில் வையுங்கள். அடுத்து மேற்குச் சுவரில், அப்புறம் கிழக்குச் சுவரில். கிழக்குச் சுவர்தான் ஒப்பிடுவதற்கான அளவு. எது அதைவிடச் சூடாக இருக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

### கூரைதான் சுடுகிறது

மாடிக்குப் போய்த் தரையின் நிறத்தைப் பாருங்கள். தட்டோடு (மாடித் தரையில் பதிக்கும் தட்டை ஓடு) பாசி பிடித்துக் கறுத்திருந்தால் வெயிலை அப்படியே குடிக்கும். கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவி, பங்குனியிலேயே சுண்ணாம்பு அடியுங்கள். நீர்த்த சுண்ணாம்போடு கொஞ்சம் வெள்ளை சிமெண்டும் ஃபெவிகாலும் கலந்து இரண்டு கை. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பொல்லாதது, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அடித்த மறுநாள் ராத்திரி உட்கூரையில் கை வைத்தாலே வித்தியாசம் தெரியும். ஐப்பசி மழையில் பெரும்பாலும் கரைந்துபோகும், அடுத்த பங்குனியில் மறுபடி அடிக்க வேண்டியதுதான். மாடித் தண்ணீரைத் தொட்டியில் பிடிப்பவர்கள் முதல் மழையைத் தொட்டிக்கு விடாமல் வெளியே தள்ளிவிடுங்கள்.

வெள்ளை அடித்தும் சுட்டால், ஸ்லாப்புக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஃபில்லர் ஸ்லாப் போட்டாயிற்றே, மேலே சுருக்கி (வெயிலையும் மழையையும் தாங்கப் போடும் சுண்ணாம்பு ஜல்லித் தளம்) எதற்கு என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டேன். காங்கிரீட்டுக்கு நடுவில் ஓடு இருக்கிற இடம் பரவாயில்லை, ஓட்டுக்கு இடையில் கம்பி ஓடுகிற கட்டங்கள் முழுக்கக் காங்கிரீட்தானே, அது சூட்டைக் கீழே இறக்கும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்குப் போட்டு, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்துக் கட்டையால் அடித்து, மேலே தட்டோடு பதிப்பதுதான் நம் பக்கத்துப் பழைய முறை. நான்கு நாள் அடிக்க வேண்டியதை ஒரே நாளில் முடித்துவிடுவதாகச் சொல்கிற மேஸ்திரியை நம்பாதீர்கள். வாட்டம் பத்தடிக்கு இரண்டு அங்குலம் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்து நீங்களே பாருங்கள்.

இதன் எடை ஏற்கெனவே கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்பது முக்கியம். ஸ்லாப் வரைபடம் கையில் இல்லை என்றாலோ, கூரை மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் ஒட்டு என்றாலோ, எடை ஏற்றும் முன்பு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அதுவரை மாடியில் பந்தல் போட்டுத் தென்னங்கீற்று வேயலாம். பார்க்க அழகாக இருக்காது, வேலை செய்யும்.

### மேற்குச் சுவர் சுடுகிறது

எலிப்பொறிக் கட்டின் உயிரே நடுவில் இருக்கிற இடைவெளிதான். அதைக் கெடுப்பவை இரண்டு. கட்டும்போது கலவை உள்ளே விழுந்து நிரம்புவது ஒன்று. மேல் வரிசையை மூடாமல் விட்டு, உள்ளிருக்கும் காற்று கூரை வரை சூடாகி ஏறி இறங்குவது இன்னொன்று. சுவரை விரலால் தட்டிக்கொண்டே போங்கள். எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பொந்து ஓசை கேட்டால் இடைவெளி நன்றாக இருக்கிறது, சுவரைக் குறை சொல்ல வேண்டாம். இடையிடையே கெட்டி ஓசை கேட்டால் கலவை விழுந்திருக்கிறது. அதை வெளியே எடுக்க வழி இல்லை.

இரண்டில் எதுவானாலும் மருந்து வெளியேதான்: சுவருக்கு நிழல். மூன்றடித் தாழ்வாரம் இறக்கலாம், சுவரை ஒட்டாமல் ஓரடி தள்ளிக் கம்பிவலை கட்டி அதில் கொடி ஏற்றலாம். சுவரிலேயே கொடியைப் படர விட்டால் ஈரமும் எறும்பும் சேரும். மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள், உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். இந்தக் கோளாறுக்கு நிபுணர் யாரும் தேவையில்லை.

### எதுவும் சுடவில்லை, ஆனால் புழுங்குகிறது

ஜன்னல்களைத் திறந்து, ஃபேனை நிறுத்தி, அறை நடுவில் ஊதுபத்தி ஏற்றுங்கள். புகை ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்து வெளியே போனால் காற்றோட்டம் இருக்கிறது. நேரே மேலே போய் உட்கூரையில் தங்கிவிட்டால் வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறது.

முதலில் கொசுவலையைப் பாருங்கள். இரண்டு வருஷத் தூசி படிந்த வலை சுவருக்குச் சமம். அடுத்து வெண்டிலேட்டர்: புறா வருகிறது என்று அட்டை வைத்து அடைத்திருப்பார்கள். மூன்றாவது, பழக்கம். கத்திரி வெயிலில் பகல் முழுக்க ஜன்னலைத் திறந்து போட்டு ராத்திரி மூடிவிட்டுத் தூங்குபவர்கள் உண்டு. காலை ஒன்பது மணிக்கு மூடி, பொழுது இறங்கியபின் திறக்க வேண்டும். இரட்டைக் கதவு ஜன்னல் என்றால் பகலில் மேல் கதவை மட்டும் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

இவை மூன்றும் சரி என்றால் தலையை நிமிர்த்தி முற்றத்தைப் பாருங்கள். புதுவயல் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு, அப்புறம்தான் எனக்கே உறைத்தது.

"ஆச்சி, முற்றத்து மேல இந்த ஷீட் எப்பப் போட்டீங்க?"

"போன ஆடிலதாம்ப்பா. குரங்கு எறங்குது, மழையும் சாரல் அடிக்குதுன்னு மூடுனோம்."

"வீடு சுட ஆரம்பிச்சது?"

ஆச்சி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்துவிட்டார்கள்.

கண்ணாடி மாதிரி இருக்கும் ஷீட்டை ஓட்டோடு ஒட்டி மூடினால், வெயில் உள்ளே வரும், சூட்டுக்கு வெளியே போக வழி இருக்காது. வீட்டின் நடுவில் அடுப்பு வைத்த மாதிரி. ஷீட்டைக் கழற்ற மனம் இல்லை என்றால் நான்கு மூலையிலும் இரும்புக் கால் நட்டுக் கூரைக்கு மேல் இரண்டடி உயர்த்துங்கள். பக்கவாட்டில் முழுக்க வலை. குரங்கு வராது, மழையும் பெரிதாக வராது, சூடு போய்விடும். ஊரில் இருக்கிற வெல்டரே ஒரு நாளில் செய்துவிடுவார். ஏ.சி. வாங்குவது இதற்கும் பிறகுதான்.

## மழை பெய்தால் கூரை ஒழுகுகிறது

எப்போது சொட்டுகிறது என்று குறித்து வையுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

### மழை பெய்யும்போதே சொட்டி, நின்றதும் நிற்கிறது

ஓட்டுக்கூரை என்றால் ஓடு நகர்ந்திருக்கிறது. மயில், குரங்கு, பூனை, எதிர்வீட்டுத் தென்னையிலிருந்து விழுந்த மட்டை, எதுவானாலும் ஒன்றுதான். நல்ல வெயிலில் வீட்டுக்குள் இருட்டாக்கிவிட்டு மேலே பார்த்தால் ஒளி புள்ளியாகத் தெரிகிற இடமே ஒழுகும் இடம். அடுத்துக் கூடல்வாய். இரண்டு சரிவு சேருகிற அந்தத் தகர வாய்க்காலில் சருகு சேர்ந்தால் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறும். புரட்டாசி முடிவதற்குள் ஒரு தடவை வாரிவிடுங்கள். தகரமே ஓட்டை விட்டிருந்தால் மேலே தார் பூசி ஒப்பேற்றாமல் மாற்றிவிடுங்கள்.

மட்டக்கூரை என்றால் குழாய் உள்ளே நுழைகிற இடம், சோலார் ஸ்டாண்டின் போல்ட் இறங்கிய இடம் இரண்டையும் பாருங்கள். சோலார் போட வருபவர்கள் தட்டோட்டைத் துளைத்து ஸ்லாப்பில் போல்ட் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கள் வீட்டில் ஏழு வருஷத்தில் வந்த ஒரே கூரை ஒழுகல் அதுதான். ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றித் துளைக்குள் பாலியூரிதேன் சீலண்ட் நிரப்பி மறுபடி முடுக்கினார்கள், நின்றது. புதிதாகப் போடுபவர்கள் துளைக்கவே விடாதீர்கள். தளத்தின் மேல் காங்கிரீட் கட்டை வார்த்து அதில் ஸ்டாண்டை நிறுத்தச் சொல்லுங்கள்.

### மழை நின்று ஒன்றிரண்டு நாள் கழித்துச் சொட்டுகிறது

தண்ணீர் எங்கோ தேங்கி மெதுவாக இறங்குகிறது. ஃபில்லர் ஸ்லாப்பில் இரட்டை ஓட்டின் நடுவில் இருக்கிற பொந்தே ஒரு குட்டித் தொட்டியாகிவிடும். ஒழுகும் ஓட்டுக்கு நேர் மேலே தேடாதீர்கள், வாட்டத்தில் மேட்டுப் பக்கம் தேடுங்கள்.

1. குழாய் வாய். பந்து, சருகு, பாலித்தீன் பை. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் சட்டென்று போக வேண்டும்.
2. மழை நின்ற அரைமணியில் மாடியில் எங்கெல்லாம் குட்டை நிற்கிறது என்று சாக்பீஸில் கோடு போடுங்கள். அங்கே தட்டோட்டு இடுக்குகளில் கலவை போயிருக்கும். சுரண்டி எடுத்துப் புதிதாக அடையுங்கள்.
3. கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலை. அங்கே மயிரிழை பிளந்திருந்தாலும் போதும். பிளவைத் திறந்து நிரப்பி, மூலையில் கலவையைச் சாய்வாக வைத்து வழவழப்பாகப் பூச வேண்டும்.
4. இதற்கும் நிற்கவில்லை என்றால் குழாய் வாயை அடைத்து மாடியில் இரண்டு அங்குலம் தண்ணீரை 24 மணி நேரம் தேக்கிக் கீழே பாருங்கள். பகுதி பகுதியாக மணல் வரப்புக் கட்டித் தேக்கினால் எந்தப் பகுதி என்று பிடித்துவிடலாம்.

நான்காவதை மெட்ராஸ் ஒட்டில் செய்யவே கூடாது. மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை அது. தண்ணீரைத் தேக்கினால் எடையும் ஏறும், மரமும் ஊறும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: உட்கூரையில் பழுப்புக் கறை கோடாக, கம்பி போகிற வழியிலேயே வந்தால் கம்பி துருப்பிடிக்கிறது. காங்கிரீட் செதில் செதிலாக விழுந்தாலும், மரச்சட்டம் நடுவில் தொய்ந்தாலும் ஆபத்துதான். அந்த அறையில் படுக்காதீர்கள், கட்டுமான இன்ஜினியர் வந்து பார்க்கட்டும். உலோக அரிப்பை ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. ஆனாலும் மழையில் கிடந்து துரு ஏறிய கம்பியைத் துடைக்காமல் கட்டுகிற பழக்கம் மட்டும் ஊரில் போகவில்லை.

## சுவரில் ஓதம், உப்பு பூக்கிறது, பெயிண்ட் உரிகிறது

ஈரம் எங்கிருந்து என்று தெரியாமல் பூச்சைக் கொத்தாதீர்கள். பாலித்தீன் தாளை ஈரமான இடத்தில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம்தான், காற்றோட்டம் கொடுத்தால் போதும்.

### தரையிலிருந்து மூன்றடி வரை, வரிசையாக

வெளியே போய் மண் மட்டத்தைப் பாருங்கள். தெருவுக்குச் சிமெண்ட் ரோடு போடும்போதெல்லாம் பழையதைப் பெயர்க்காமல் மேலேயே போட்டு உயர்த்திவிடுகிறார்கள். கட்டும்போது இரண்டடி உயரமாக இருந்த பேஸ்மட்டம் இன்று ஓரடிதான். பூந்தொட்டி, பாத்தி, கொட்டி வைத்த எம் சாண்ட் சுவரை ஒட்டி இருந்தால் அதுவும். சுவரிலிருந்து ஒன்றரை அடிக்கு மண்ணை வெட்டி எடுத்து, ஜல்லி நிரப்பி, வெளியே வாட்டம் கொடுங்கள். இரண்டு மாதம் பொறுங்கள். சுவர் காய நாளாகும்.

மண் மட்டம் சரி என்றால் பூச்சைப் பாருங்கள். மண் கட்டிச் சுவருக்கும் சுண்ணாம்புச் சுவருக்கும் மேல் சிமெண்டைப் பூசி, அதற்கு மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே மேலே ஏறும். மூன்றடியில் நின்றது நாலடியாகும். அந்தச் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு வெயில்காலம் சுவரை வெறுமனே விட்டு, உப்பைப் பிரஷால் தட்டி உதிர்த்து (கழுவக்கூடாது, கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும்), சுண்ணாம்புக் கலவையில் பூசுங்கள். செட்டிநாட்டு வழவழப் பூச்சு வேண்டும் என்பவர்களும் இந்த ஒரு வெயில்காலத்தைப் பொறுக்கத்தான் வேண்டும். கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டுக் கண்ணாடி மாதிரித் தேய்த்தாலும் பின்னால் ஈரம் இருந்தால் அது நிற்காது.

கடைசியாக, ஈரத்தடுப்புப் பட்டையே போடாமல் கட்டியிருந்தால் சுவரின் அடியில் துளையிட்டு மருந்து ஏற்ற வேண்டும். செலவு பிடிக்கும், அனுபவம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை.

### ஒரே இடத்தில் வட்டமாக

குழாய். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, மோட்டார் போடாமல், மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். விடிந்து பார்த்தால் இறங்கியிருக்கிறதா? இறங்கியிருந்தால் பிளம்பர். இறங்காமல் ஓதம் மட்டும் இருந்தால் குளியலறையின் தரை இடுக்கு, அல்லது கழிவுநீர்க் குழாய்.

### சுவரின் நடுவில், வடக்கு அல்லது கிழக்குப் பக்கம்

ஐப்பசி கார்த்திகையில் சாரல் அடிக்கிற பக்கம் அதுதான். எலிப்பொறிச் சுவரில் கலவை விழுந்து அடைத்த இடம் வெளி ஈரத்தை உள்ளே கடத்தும் பாலமாகிவிடும். எலெக்ட்ரீஷியன் காடி வெட்டி உடைத்த செங்கலும் காரணமாக இருக்கலாம். இந்தக் கட்டில் வயர் குழாயைக் கட்டும்போதே இடைவெளிக்குள் இறக்கியிருக்க வேண்டும், பிறகு மெஷின் வைத்து வெட்டினால் ஒற்றைச் செங்கல் அப்படியே பிளக்கும். வெளிப்பக்கம் இடுக்குகளைச் சுரண்டிப் புதிதாக அடைத்து, மேலே சன்ஷேட் நீட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

## விரிசல்

பயப்படும் முன் விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். மூன்று மாதம், முடிந்தால் ஒரு வெயிலும் ஒரு மழையும் தாண்டட்டும். கோட்டைத் தாண்டி நீளாத விரிசல் பூசிவிட்டால் போய்விடும்.

பூச்சில் வலை மாதிரி மயிரிழைகள்: தண்ணீர் சரியாக அடிக்காமல் பூச்சு காய்ந்தது. வெள்ளையடிக்கும்போது நிரப்புங்கள். தூணும் சுவரும் சேருகிற இடத்தில் நேர்கோடு: கோழிவலை வைக்காமல் பூசியது. ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சை எடுத்து வலை வைத்துப் பூச வேண்டும். கூரைக்குக் கீழே சுவர் முழுக்கப் படுக்கைக் கோடு: வெயிலில் ஸ்லாப் நீளுகிறது, குறுகுகிறது. மாடியைக் குளிரவைக்காமல் எத்தனை தடவை பூசினாலும் திரும்ப வரும், முதல் தலைப்புக்குப் போங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக: ஜன்னலுக்கு மேலே தாங்கும் லிண்டல் இரண்டு பக்கமும் போதிய அளவு சுவருக்குள் போகவில்லை, அல்லது ஜன்னலுக்கு அடியில் காங்கிரீட் பட்டை போடவில்லை.

படிக்கட்டு மாதிரி செங்கல் இடுக்கில் ஏறிப்போகிற சாய்வு விரிசல், மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வாய் திறந்தது, உள்ளும் வெளியும் ஒரே இடத்தில் தெரிவது, கூடவே கதவு இறுகுவது: கடைக்கால் இறங்குகிறது. பூசாதீர்கள், இன்ஜினியர் பார்க்க அது அப்படியே இருக்கட்டும்.

## கதவு இறுகிக்கொள்கிறது

முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கிய பழைய பர்மாத் தேக்குக் கதவு பெரும்பாலும் இந்த வம்பு செய்யாது. புதிதாகச் செய்த உள்ளூர் மரம்தான் மழைக்கு ஊதும். ஆசாரியைக் கூப்பிட்டு உடனே இழைத்துவிடாதீர்கள். தை பிறக்கட்டும். ஐப்பசியில் இழைத்த கதவு சித்திரையில் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விடும். தையிலும் இறுகினால் கீல் திருகை முடுக்குங்கள், அப்புறம் இழையுங்கள். நிலையே சாய்ந்திருந்தால் மேலே விரிசல் தலைப்பைப் பாருங்கள்.

## ஆத்தங்குடிக் கல்லில் வெள்ளைப் படலம், பொந்து ஓசை

புதுக் கல்லில் முதல் வருஷம் வெள்ளை படர்வது சிமெண்டின் உப்பு. நல்ல தண்ணீரில் துடைத்து, துணியில் சில துளி தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தால் போய்விடும். நடக்க நடக்க மெருகு ஏறும் கல் அது. கடையில் விற்கிற ஆசிட்டை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதில்லை, கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிச் செய்து தண்ணீரில் போட்டு இறுக வைத்தது. ஆசிட் பட்ட இடத்தில் பூவேலையே கரைந்து சொரசொரப்பாகிவிடும், அதற்கு மருந்து கிடையாது.

ஒரு வருஷம் கழித்தும் அதே மூலையில் மட்டும் வெள்ளை வந்தால் அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது. பாலித்தீன் தாளைத் தரையில் ஒட்டிப் பாருங்கள்.

நாணயத்தால் தட்டினால் பொந்து ஓசை வருகிறது, ஆனால் கல் ஆடவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஆடினால் அந்த ஒன்றை மட்டும் பெயர்த்துப் பதிக்கலாம். இதற்காகவே கட்டும்போது இருபது கல் கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும். கையால் செய்வது, அடுத்த முறை அதே நிறம் வராது.

## கறையான்

மண் கோட்டை உடைத்துவிட்டு இரண்டு நாள் விடுங்கள். மறுபடி கட்டியிருந்தால் உயிரோடு இருக்கிறது. சுவரை ஒட்டி அடுக்கிய விறகு, சென்ட்ரிங் பலகை, அட்டைப் பெட்டி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள், ஒழுகும் குழாயை நிறுத்துங்கள். நிலைக்கதவில் திருப்புளியால் குத்தினால் உள்ளே போகிறதா? போனால் மருந்து அடிப்பவரைக் கூப்பிடுங்கள். அந்த மருந்து விஷம், கிணறும் போரும் எங்கே இருக்கின்றன என்று முதலிலேயே அவருக்குக் காட்டிவிடுங்கள்.

## சோலார் போட்டும் கரண்ட் பில் குறையவில்லை

எல்லா ஸ்விட்சையும் அணைத்து, ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ராத்திரியில் மீட்டரின் சிறு விளக்கைப் பாருங்கள். விட்டுவிட்டு மின்னிக்கொண்டே இருந்தால் மறந்துபோன ஏதோ ஒன்று ஓடுகிறது, அல்லது கசிவு. ஓடுவது எதுவும் அகப்படவில்லை என்றால் எலெக்ட்ரீஷியன்.

மின்னவில்லை என்றால் பழைய ஃபேன்களை எண்ணுங்கள். சாதா ஃபேன் 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் போல. அடுத்து மோட்டார்: மேல்தொட்டி நிரம்ப முன்பு ஆன நேரத்தை விட இப்போது அதிகம் ஆகிறதா? நம் ஊரில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் 101-வது யூனிட்டிலிருந்தே விலை ஏறும். அதனால் பத்து யூனிட் கூடினாலும் பில்லில் அடி பலமாகத் தெரியும்.

சோலார் உற்பத்தியே குறைவா என்று பார்க்க, நல்ல வெயில் நாளில் 1 கிலோவாட்டுக்கு 4 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 கிலோவாட்டுக்குப் பன்னிரண்டுக்குப் பக்கம் வர வேண்டும். எட்டுதான் என்றால் முதலில் பேனலைக் கழுவுங்கள், விடியற்காலையில், பேனல் குளிர்ந்திருக்கும்போது. பிறகு காலை ஒன்பதிலிருந்து மூன்று மணிவரை எந்தத் தென்னை நிழல் எந்தப் பேனலில் விழுகிறது என்று பாருங்கள். ஒரு மட்டையின் நிழல் ஒரு வரிசையையே இழுத்துப் பிடிக்கும். நடுப்பகலில் இன்வெர்ட்டர் தானே அணைந்து அணைந்து எரிந்தால், அதன் திரையில் வோல்டேஜ் எண்ணைப் படம் எடுத்து, போட்டுக் கொடுத்தவரிடமும் மின்வாரிய அலுவலகத்திலும் காட்டுங்கள். லைனில் வோல்டேஜ் ஏறியிருக்கலாம், அது உங்கள் கையில் இல்லை.

"கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறது" என்பது கோளாறே இல்லை. பேட்டரி இல்லாமல் லைனோடு சேர்த்த அமைப்பு அப்படித்தான் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கும். 2024-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் வாங்கிப் போட்டவர்கள் பலருக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பகலில் பேனலிலிருந்து வரும் வயர்களை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள், மெயினை அணைத்தாலும் அதில் கரண்ட் இருக்கும்.

## ஈரச் சுவரைத் தொட்டால் சுர்ரென்கிறது

பரிசோதனை எதுவும் கிடையாது. செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், காய்ந்த கையால் மெயினை அணையுங்கள், அந்தச் சுவர்ப் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மெயின் பெட்டிக்குப் போகும் வழியே ஈரம் என்றால் அதையும் தொடாமல், கம்பத்தில் இணைப்பைத் துண்டிக்க மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். வந்தவரிடம் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கசிவு வந்தால் கரண்டைத் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதா, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று கேளுங்கள். விழவில்லை என்றால் அதை மாற்றிவிட்டுத்தான் மெயினை மறுபடி போட வேண்டும்.